ஆங்கிலத்தில் நமக்கு அடிக்கடி வரும் சந்தேகங்கள்: யாழ்ப்பாணத்துக் கேள்விகளும் பதில்களும்

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவருக்குக் கேள்விகள் வகுப்பில் மட்டும் வருவதில்லை. கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் வட்ஸ்அப்பிலும் வரும். ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளை, வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர், ஐஎல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வு எடுக்கப் போகிறவர், கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளையோடு கதைக்க ஆசைப்படும் அம்மம்மா என்று கேட்கிறவர்கள் பல விதம். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அதிகம் வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முடிந்த இடமெல்லாம் தமிழ் இலக்கணத்தைக் கொண்டே விளக்கியிருக்கிறேன். நம்முடைய ஆங்கிலப் பிழைகளில் பெரும்பங்கு நல்ல தமிழிலிருந்து வருகிறது; திருத்தும் வழியும் அங்கேயே கிடைக்கும் என்பது என் கட்சி.

ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்தில், நம்மூர் வழக்கப்படி எழுதியிருக்கிறேன்: ரீச்சர், ரிக்கற் என்பது போல. வாய்விட்டு வாசித்தால் விளங்கும்.

"அ யூனிவர்சிற்றி" சரியா, "அன் யூனிவர்சிற்றி" சரியா?

"அ யூனிவர்சிற்றி"தான். ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளில் தொடங்கினால் "அன்" என்று மனப்பாடம் செய்ததால் வருகிற குழப்பம் இது. விதி காதுக்கு உரியது, கண்ணுக்கு இல்லை. "ஒரு வீடு", "ஓர் ஊர்" என்று நாம் எழுதுவதும் இதே கணக்குத்தான். சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதிப் பாருங்கள். முதலில் உயிரெழுத்து நின்றால் "அன்", உயிர்மெய் நின்றால் "அ". யூனிஃபோம், யூரோப்பியன், வண்-வே ரிக்கற் எல்லாம் யகரத்திலோ வகரத்திலோ தொடங்குகின்றன, ஆகவே "அ". மணித்தியாலத்தைக் குறிக்கும் "அவர்", நேர்மையைக் குறிக்கும் "ஒனெஸ்ற்" இரண்டிலும் எழுத்துக்கூட்டலில் முன்னே ஹெச் இருக்கிறது, ஒலியில் இல்லை, ஆகவே "அன்". சுருக்கங்களுக்கும் இதே சோதனை செல்லும்: "அன் எம்.பி.", "அன் என்.ஜி.ஓ.", ஆனால் "அ யூ.என். ஒஃபிஸ்".

"த" எப்போது போடவேண்டும்?

தமிழில் "த" இல்லை, ஆகவே நமக்கு அது வராது என்று கைவிட்டவர்கள் கனபேர். அந்த வேலையைச் செய்யும் உருபு நம்மிடம் இருக்கிறது: இரண்டாம் வேற்றுமை ஐ. "மாமா வீடு வாங்கினார்" என்றால் ஏதோ ஒரு வீடு. "மாமா வீட்டை வாங்கினார்" என்றால் எந்த வீடு என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். முதலாவது "அ ஹவுஸ்", இரண்டாவது "த ஹவுஸ்". வசனம் எழுதும்போது தடுமாறினால், அந்தச் சொல்லைச் செயப்படுபொருளாக வைத்துத் தமிழில் ஒரு வசனம் சொல்லிப் பாருங்கள். ஐ தானாக வந்து ஒட்டினால் "த" போடலாம். ஆட்களைக் குறிக்கும் சொற்களில் இந்தச் சோதனை செல்லாது. "பிள்ளையைக் கண்டேன்" என்று அங்கே ஐ எப்படியும் வந்துவிடும்.

ஊர்ப்பெயர்களுக்கு "த" கிடையாது: ஜாஃப்னா, நல்லூர், எலிஃபன்ற் பாஸ். ஆனால் "த ஜாஃப்னா பெனின்சுலா", "த போக் ஸ்ரெய்ற்", "த யூனிவர்சிற்றி ஒஃப் ஜாஃப்னா".

இன்னொரு நுட்பம். படிக்கப் போகிற பிள்ளை "கோஸ் ரு ஸ்கூல்". ரிப்போட் வாங்கப் போகிற அப்பா "கோஸ் ரு த ஸ்கூல்". அந்த இடத்துக்கே உரிய வேலைக்காக அங்கே போகிறவருக்கு "த" இல்லை. பிரித்தானிய வழக்கில் நோயாளி "இன் ஹொஸ்பிற்றல்", பார்க்கப் போனவர் "இன் த ஹொஸ்பிற்றல்". அமெரிக்கர் இந்த வித்தியாசம் பார்ப்பதில்லை, இருவருக்கும் "த" போடுவார்கள்.

"ஐ ஆம் ஹாவிங் ரூ பிரதர்ஸ்" ஏன் பிழை?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரம் இருக்கிறவர் இதை வாசிக்கட்டும். "ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் வோன்ரிங்", "ஐ ஆம் லைக்கிங்" எல்லாம் ஒரே குடும்பம்.

ஆங்கிலத்தில் செயலைச் சொல்லும் வினைகளும் நிலையைச் சொல்லும் வினைகளும் உண்டு. நடப்பதும் சாப்பிடுவதும் செயல். தெரிந்திருப்பதும் வேண்டியிருப்பதும் நிலை. நிலைக்கு "இங்" ஒட்டுவது வழக்கம் இல்லை. எது எந்தப் பக்கம் என்று பட்டியல் பாடமாக்குகிறார்கள், பரீட்சை முடிய மறந்துபோகிறார்கள். பட்டியல் வேண்டாம். தமிழில் அந்த வினையோடு "கொண்டிருக்கிறேன்" சேர்த்துப் பாருங்கள். "நடந்துகொண்டிருக்கிறேன்", "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்" சரியாக வருகிறது. "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது", "எனக்கு வேண்டிக்கொண்டிருக்கிறது" என்று எந்த யாழ்ப்பாணத்தானும் சொல்லமாட்டான். தெரியும், வேணும், பிடிக்கும் என்று நிறுத்திக்கொள்வோம். இவை பெரும்பாலும் "நான்" என்று தொடங்காமல் "எனக்கு" என்று தொடங்கும் வினைகள். "எனக்கு ரெண்டு தம்பிமார் இருக்கினம்" என்பதும் அதே வகைதான். ஆகவே "ஐ ஹாவ் ரூ பிரதர்ஸ்".

"வீ ஆர் ஹாவிங் லஞ்ச்" மட்டும் எப்படிச் சரி என்று உடனே கேட்பீர்கள். அங்கே "ஹாவ்" சாப்பிடுவதைக் குறிக்கிறது, அது செயல். "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்" என்று வருகிறதல்லவா?

"ஐ டிட் நொற் வென்ற்" பிழை என்றால், இறந்தகாலம் எங்கே போனது?

"டிட்" அதைத் தூக்கிக்கொண்டது. தமிழிலும் இதே கதை. "போனேன்" என்பதில் இறந்தகாலம் இருக்கிறது. எதிர்மறையாக்கும்போது "போகவில்லை", பேச்சில் "போகேல்லை". அந்தப் "போக" என்ற சொல்லில் எந்தக் காலமும் இல்லை. "போனவில்லை" என்று யாரும் சொல்வதில்லையே. "டிட் நொற் கோ" என்பதில் "கோ" வெறுமனே நிற்பதும் அப்படித்தான். கேள்வியிலும் அதே: "டிட் யூ கோ?" "டஸ்" வந்தாலும் அதே: "ஷீ டஸ்ன்ற் கோ", கடைசியில் எஸ் வேண்டாம்.

"ஐ டோன்ற் நோ வெயர் இஸ் ஹீ" என்று எல்லோரும் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள், பட்டதாரிகளும் சொல்கிறார்கள். எழுதினால் புள்ளி போகும்.

காரணம் "என்று". தமிழில் இந்தச் சொல் எதையும் அப்படியே தூக்கி வைத்துக்கொள்ளும். "அவன் எங்கே இருக்கிறான்?" என்ற கேள்வியில் ஒரு எழுத்தும் மாற்றாமல் "என்று எனக்குத் தெரியாது" என்பதை ஒட்டினால் வசனம் முடிந்தது. ஆங்கிலத்தில் கேள்வி இன்னொரு வசனத்துக்குள் போனதும் அதன் கேள்வி ஒழுங்கு கலைந்துவிடும்: "ஐ டோன்ற் நோ வெயர் ஹீ இஸ்". "கான் யூ ரெல் மீ வற் ரைம் இற் இஸ்?" என்பதும் அப்படி.

அதே "என்று" இன்னொரு பொறியும் வைக்கிறது. "நான் வரமாட்டேன் என்று அண்ணா சொன்னார்" என்ற வசனத்தில் "நான்" என்பது அண்ணா. இதை "அண்ணா செட் தற் ஐ வோன்ற் கம்" என்று மாற்றினால், வரமாட்டாதவர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள். "அண்ணா செட் தற் ஹீ வுட்ன்ற் கம்" என்று ஆளையும் காலத்தையும் சேர்த்து மாற்றவேண்டும்.

"ஹவன்ற் யூ ஈற்றன்?" என்று கேட்டால் யெஸ்ஸா, நோவா?

"சாப்பிடேல்லையா?" என்று கேட்டால், சாப்பிடாதவர் "ஓம், சாப்பிடேல்லை" என்பார். நம்முடைய "ஓம்", கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிறது. ஆங்கில "யெஸ்" கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்ததை மட்டும் பார்க்கிறது. சாப்பிட்டிருந்தால் "யெஸ், ஐ ஹாவ்". சாப்பிடவில்லை என்றால் "நோ, ஐ ஹவன்ற்". கேள்வி நேராக வந்தாலும் எதிர்மறையாக வந்தாலும் பதில் மாறாது.

வீட்டுக் கதையில் இது பெரிய விஷயம் இல்லை. வீசா இன்ரவியூவிலும் வைத்தியரிடமும் பெரிய விஷயம். "யூ டோன்ற் ஹாவ் எனி அலர்ஜீஸ்?" என்று கேட்கும் வைத்தியரிடம் தலையாட்டிக்கொண்டு "யெஸ்" என்றால் அவர் ஒவ்வாமை இருக்கிறது என்று எழுதிக்கொள்ளக்கூடும். பயமாக இருந்தால் யெஸ், நோ இரண்டையும் விட்டுவிட்டு முழு வசனமாகச் சொல்லுங்கள்.

"டூ யூ மைன்ட்?" என்று தொடங்கும் கேள்விக்குத் தனிக் கவனம் வேண்டும். "ஆட்சேபம் உண்டா?" என்றுதான் கேட்கிறார்கள். சம்மதம் என்றால் "நோ, நொற் அற் ஓல்".

"போட்டு வாறன்" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

"ஐ வில் கோ அன்ட் கம்" என்று சொல்கிறோம். இலக்கணப்படி அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளைக்காரர் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, அரை மணித்தியாலத்தில் திரும்பி வருவீர்கள் என்று தேத்தண்ணி போட்டு வைத்திருப்பார். "போறன்" என்று சொல்லி வெளிக்கிடக் கூடாது என்ற நம்முடைய மரபு அவருக்குத் தெரியாது. "சீ யூ" போதும். நம்மவர்களோடு ஆங்கிலத்தில் கதைக்கும்போது "கோ அன்ட் கம்" தாராளமாகச் சொல்லலாம். அதைத் திருத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நீ, நீர், நீங்கள் மூன்றுக்கும் "யூ" ஒன்றுதானா? மரியாதையை எப்படிக் காட்டுவது?

ஒன்றுதான். ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை. ஆங்கிலத்திலும் முன்பு "நீ" இருந்தது: "தவ்". "யூ" பன்மைக்கு உரியது. பிறகு மரியாதைக்காக ஒருவரையே பன்மையில் விளிக்கத் தொடங்கினார்கள். நாளடைவில் எல்லோருக்கும் மரியாதை கொடுத்து, 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுப் பேச்சில் "தவ்" ஏறக்குறைய வழக்கொழிந்தது. ஒருவரோடு கதைக்கும்போதும் "யூ ஆர்" என்று பன்மை வினை வருவதற்குக் காரணம் இதுதான். தமிழில் நடந்ததும் இதுவே. சங்கத் தமிழில் "நீர்" என்பது பன்மை. இன்று யாழ்ப்பாணத்தில் அது "நீ"க்கும் "நீங்கள்"க்கும் நடுவே, ஒருவரை மட்டும் விளிக்கும் சொல்லாக நிற்கிறது. தமிழகப் பேச்சில் இந்த நடுப்படி பெரும்பாலும் இல்லை.

ஆங்கிலத்தில் மரியாதை வினைக்குள் போய் ஒளிந்திருக்கிறது. "ஓப்பன் த வின்டோ" என்றால் "நீ". "குட் யூ ஓப்பன் த வின்டோ?" என்றால் "நீங்கள்". "வுட் யூ மைன்ட் ஓப்பனிங் த வின்டோ?" என்றால் இன்னும் ஒரு படி மேல். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு "சேர்" சேர்ப்பது நமக்குப் பணிவு. லண்டனிலோ ரொறன்ரோவிலோ அலுவலகத்தில் அது கூச்சத்தை உண்டாக்கும். மேலதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் கூப்பிடுங்கள்.

ஒரே ஆளை, "அவர்கள்" என்று பொருள்படும் "தே" என்று சொல்லலாமா?

சொல்லலாம். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைத் "தே" என்பது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் இருக்கிறது. புதுமோகம் என்று கோபிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். "சம்வண் ஹாஸ் லெஃப்ற் தேயர் அம்பிரெல்லா" இயல்பான ஆங்கிலம். படலையில் ஒரே ஒரு ஆள் நின்றாலும் "ஆரோ வந்திருக்கினம்" என்று நாம் பன்மையில்தானே சொல்கிறோம். "அவர்" என்பதும் பழந்தமிழில் பன்மை, இன்று ஒருவருக்கு.

"சின்ஸ்", "ஃபோர்" இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

தமிழில் "இலிருந்து" வந்தால் "சின்ஸ்". "ஆக" வந்தால் "ஃபோர்". 2009இலிருந்து: "சின்ஸ் 2009". பத்து வருசமாக: "ஃபோர் ரென் இயர்ஸ்". தொடக்கம் முதல் இன்றுவரை தொடரும் விஷயத்துக்கு "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ்" என்று வராது, "ஐ ஹாவ் பீன் லிவிங் ஹியர் சின்ஸ்" என்று வரவேண்டும்.

"ஹீ ஹாஸ் கம் யெஸ்ரடே" பிழையா?

பிழை. "நேற்று வந்திருக்கிறார்" என்று தமிழில் சொல்லலாம், அது நாம் நேரில் காணாததையும் உணர்த்தும். ஆங்கிலத்தில் நேற்று, போன கிழமை, 1995இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்ன உடனே வெறும் இறந்தகாலம்தான்: "ஹீ கேம் யெஸ்ரடே".

"ருடே மோர்னிங்", "யெஸ்ரடே நைற்"?

"திஸ் மோர்னிங்", "லாஸ்ற் நைற்". "யெஸ்ரடே மோர்னிங்" மட்டும் சரி. இதில் நியாயம் தேடவேண்டாம், வழக்கு அப்படி.

அற், ஒன், இன்: எது எங்கே?

தமிழில் "இல்" ஒன்றே எல்லாவற்றுக்கும் ஓடித்திரிகிறது. ஆகவே இங்கே தமிழ் பெரிதாக உதவாது. நேரத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு: மணிக்கு "அற்", நாளுக்கு "ஒன்", மாதத்துக்கும் வருடத்துக்கும் "இன்". "அற் ஃபைவ் ஓக்ளொக்", "ஒன் மண்டே", "இன் ஓகஸ்ற்". "இன் த மோர்னிங்" சரி, ஆனால் எந்த நாள் காலை என்று சொன்னால் நாள் வென்றுவிடும்: "ஒன் மண்டே மோர்னிங்".

வாகனங்களில் எழுந்து நடக்க இடம் இருந்தால் "ஒன்", குனிந்து ஏறி இருக்கவேண்டியதென்றால் "இன்". பருத்தித்துறை பஸ்ஸில் போகிறவர் "ஒன் த பஸ்", யாழ்தேவியில் போகிறவர் "ஒன் த ரெயின்". ஓட்டோவிலும் காரிலும் "இன்". காலைப் பஸ்ஸில் எழுந்து நடக்க இடம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். சைக்கிளில் ஏறி இருந்தாலும் "ஒன்". அது மேலே இருப்பதால்.

"டிஸ்கஸ் அபவுற்" பிழை என்கிறார்களே?

ஓம். "பற்றி" என்பது "டிஸ்கஸ்" என்ற வினைக்குள்ளேயே இருக்கிறது. "ரிற்றேர்ன் பாக்", "கோப் அப் வித்" என்பவையும் இதே வகை. "ரிற்றேர்ன்", "கோப் வித்" போதும். "மரிட் வித்" இல்லை, "மரிட் ரு".

"ஓஃப் த லைற்" என்று சொல்லலாமா?

"லைற்றை ஓஃப் பண்ணு" என்பதிலிருந்து வந்தது. அங்கே வினை "பண்ணு". ஆங்கிலத்தில் அதன் இடத்துக்கு "ரேர்ன்" அல்லது "சுவிச்" வேண்டும்: "ரேர்ன் ஓஃப் த லைற்".

பன்மைக்கு எஸ் போட மறந்துபோகிறது. ஏன்?

"அஞ்சு தேங்காய், பத்து முட்டை" என்று கடையில் கேட்கிறோம். அஃறிணையில் எண்ணைச் சொன்ன பிறகு "கள்" தமிழுக்குத் தேவையில்லை. ஆங்கிலம் எண்ணைச் சொன்னாலும் எஸ் கேட்கும். மற்றப் பக்கம், "தகவல்கள், அறிவுரைகள், தளபாடங்கள்" என்று நாம் தாராளமாகப் பன்மை போடும் இடத்தில் "இன்ஃபோர்மேஷன்", "அட்வைஸ்", "ஃபேர்னிச்சர்" மூன்றும் எஸ் ஏற்காது. ஒன்று என்று எண்ணிச் சொல்லவேண்டுமானால் "அ பீஸ் ஒஃப் அட்வைஸ்".

"கசின் பிரதர்" என்று ஒரு சொல் உண்டா?

நம்மூர் ஆங்கிலத்தில் உண்டு, விளங்கவும் செய்யும். வெளியே "கசின்" மட்டும்தான். ஒன்றுவிட்ட அண்ணாவும் மச்சாளும் அதே ஒரு சொல்லுக்குள் அடங்கவேண்டும். பேச்சில் எப்படியும் சொல்லுங்கள். வீசாப் படிவத்தில் மட்டும் சித்தப்பாவின் மகனைப் "பிரதர்" என்று எழுதாதீர்கள். நமக்கு அவர் தம்பிதான். படிவத்தை வாசிப்பவருக்கு அது பொய்த்தகவல்.

அப்படியானால் இலங்கை ஆங்கிலம் முழுக்கப் பிழையா?

இல்லை. கொழும்புக்கு வெளியே உள்ள ஊர்களை "அவுற்ஸ்ரேஷன்" என்பது, சிற்றுண்டியை "ஷோர்ட் ஈற்ஸ்" என்பது, இந்துக் கோயிலைக் "கோவில்" என்றும் விகாரையை "ரெம்பிள்" என்றும் பிரிப்பது போன்றவை இந்தத் தீவின் ஆங்கிலம். 2007இல் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே ஓர் அகராதி வெளிவந்தது. எழுதுவது யாருக்கு என்று பாருங்கள். கொழும்பு அலுவலகத்துக்கு இவை போகும், ஐஎல்ட்ஸ் கட்டுரையில் தவிர்க்கலாம். தமிழும் ஆங்கிலத்துக்குக் கொடுத்திருக்கிறது: கட்டுமரம் "கற்றமரான்" ஆனது, சுருட்டு "ஷெரூற்" ஆனது. புகையிலைக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு நல்ல சந்தோஷம்.

பிரித்தானிய எழுத்துக்கூட்டலா, அமெரிக்கனா?

நம் பாடசாலைகளிலும் பரீட்சைகளிலும் பிரித்தானிய முறை. அமெரிக்க மிஷன் 1816இலேயே யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டை செமினறியைத் தொடங்கி, 1841இல் ஆங்கிலமும் தமிழும் கலந்த "உதயதாரகை" பத்திரிகையை வெளியிட்டது. என்றாலும் ஆட்சி பிரித்தானியருடையது, அந்த எழுத்துக்கூட்டலே தங்கியது. ஐஎல்ட்ஸில் இரண்டையும் ஏற்பார்கள். ஒரே கட்டுரையில் கலக்காதீர்கள். அமெரிக்கன் என்று பலர் வெட்டிவிடும் "ஓர்கனைஸ்" போன்ற சொற்களின் இசட், ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியிலேயே முதலாவதாக இருக்கிறது. ரீச்சர் வெட்டினால் இதைக் காட்டலாம், மரியாதையாக.

வசனத்தை "வித்", "ரு" என்று முடிக்கக் கூடாதா?

தாராளமாக முடிக்கலாம். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் டிரைடன் போன்றவர்கள் லத்தீனைப் பார்த்துச் சொன்ன குறை அது. "ஹூ டிட் யூ கோ வித்?" என்பதுதான் இயல்பு.

யாழ்ப்பாண உச்சரிப்பு ஆங்கிலத்துக்குத் தடையா?

ஓர் இடத்தில் அது நமக்கு வாய்ப்பு. "வெற்றி", "காற்று" என்று நாம் சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னாலுள்ள ஈறில் படுகிறது. ஆங்கில "ரி" எழுத்தின் இடமும் அதுதான். தமிழகத்தில் பேச்சில் இது பெரும்பாலும் "வெத்தி", "காத்து" ஆகிவிட்டது. அங்கே ஆங்கில "ரி"க்கு டகரம் வந்து நாக்கு உள்ளே மடிகிறது. அவர்கள் "டீச்சர்" என்று எழுத, நாம் "ரீச்சர்", "பற்" என்று எழுதுவதன் பின்னணி இதுதான். பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். நமக்குக் குறைவது காற்று. சொல்லின் முதலில் ரி, பி, கே வந்தால் ஆங்கிலேயர் ஒரு மூச்சை ஊதுவார்கள். வாய்க்கு முன்னே ஒரு தாளைப் பிடித்துப் "பென்" என்று சொல்லுங்கள், தாள் அசையவேண்டும். வி, டபிள்யூ வித்தியாசம்: முன்னதில் மேற்பல் கீழுதட்டைத் தொடும், பின்னதில் உதடு குவியும், பல் படாது.

கடிதத்தை "ஃபெயித்ஃபுலி" என்று முடிப்பதா, "சின்சியர்லி" என்று முடிப்பதா?

"டியர் சேர்" அல்லது "டியர் மடம்" என்று பெயர் இல்லாமல் தொடங்கினால் "யோர்ஸ் ஃபெயித்ஃபுலி". பெயர் சொல்லித் தொடங்கினால் "யோர்ஸ் சின்சியர்லி". இரண்டிலும் "யோர்ஸ்" என்பதில் எஸ்ஸுக்கு முன்னே மேற்குறி (அப்பொஸ்ற்றொஃபி) வராது. மின்னஞ்சலில் "கைன்ட் ரிகார்ட்ஸ்" போதும். "ஐ லுக் ஃபோர்வேர்ட் ரு ஹியரிங் ஃப்ரொம் யூ" என்று எழுதினால் "ஹியரிங்" என்பதன் "இங்"ஐ விட்டுவிடாதீர்கள்.